இறுக்கிய நட்டு

வெனாட்சி, வாஷிங்டன்
11 பிப்ரவரி 1996

அன்புள்ள டெல்பர்ட்,

உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருந்தால் உன்மேல் குற்றமில்லை. பிரித்துவிட்டாய் என்றால் கடைசிவரை படித்துவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

நான் இப்போது வடக்கே பழத்தோட்டங்களில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். செர்ரி பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். மழை விட்டதும் மரங்களுக்கு மேலே தாழப் பறந்து, ரோட்டர் இறக்கையின் காற்றால் இலையிலும் பழத்திலும் உள்ள தண்ணீரை உதறவேண்டும். பயணிகள் கிடையாது. பின்சீட்டில் ஆள் ஏறாத வேலையாகத்தான் தேடிப் பிடித்தேன்.

போன வாரம் இங்கே விமானத் திடலில் லாயிட் பெக்கைப் பார்த்தேன். பேஜ் ஊரில், நான் பைலட்டாகவும் நீ மெக்கானிக்காகவும் இருந்த காலத்தில், நம் ஹெலிகாப்டர் ஹேங்கருக்கு எரிபொருள் வண்டி ஓட்டி வருவானே, அவன்தான். காபி குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினோம். உன்னைப் பற்றிக் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

"டெல்பர்ட்டா? ஸ்கூல் பஸ் ஓட்டுறான். ஸ்பேனரைக் கையால தொடுறதில்ல. சொந்த வண்டி கெட்டாக்கூட நூத்தி முப்பது மைல் ஃப்ளாக்ஸ்டாஃப் வரைக்கும் இழுத்துட்டுப் போறான், தெரியுமா?" என்றான்.

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எஞ்சின் பக்கத்தில் காதை வைத்து, எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லுகிற ஆள் நீ.

விபத்து நடந்து ஒன்பதாம் நாள் நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். என் இடுப்பெலும்பு உடைந்து, இரண்டு காலையும் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நீ உள்ளே வரவில்லை. கதவருகில் நின்று, "என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ரஸ்" என்றாய். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை.

அதற்கு முந்தின நாள்தான் விசாரணைக்காரர்களிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தேன். எஞ்சின் பலம் போய்விட்டது, ஹெலிகாப்டர் தானாக விழுந்தது என்று. நொறுங்கிக் கிடந்த எஞ்சினில் காற்றுக் குழாயின் நட்டு ஒன்று தளர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்; அது தளர்ந்தால் எஞ்சின் பலம் போய்விடும். விபத்துக்கு முந்தின நாள் மாலை அந்தக் குழாயை மாற்றியவன் நீ. மோதின வேகத்தில் தளர்ந்ததா, முன்பே தளர்ந்திருந்ததா என்று சொல்ல முடியாது என்றுதான் அறிக்கையில் எழுதினார்கள். ஆனால் என் வார்த்தைக்குப் பிறகு ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எஞ்சின் நிற்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல், பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு, லைசென்ஸையும் நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். ஏன் டெல்பர்ட்? ஆறு வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். என்மேல் இரக்கமா, அல்லது நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கிறாயா?

மன்னிப்பு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ரஸ் ஹால்வர்சன்


பேஜ், அரிசோனா
மார்ச் 2, 1996

ரஸ்,

எனக்கு எழுதத் தெரியாது. பேசுற மாதிரிதான் வரும். பொறுத்துக்கோ.

தபால் பெட்டியத் திறந்தது என் வீட்டுக்காரி லொரீனாதான். "யாரு இது ஹால்வர்சன்? அந்த நார்வேக்காரனா? இன்னும் உசுரோட இருக்கானா?"ன்னு கேட்டுக்கிட்டே நீட்டினா. வாசல்ல நின்னு படிச்சேன். ரெண்டாவது தடவை பஸ்ஸுல உக்காந்து படிச்சேன். மூணாவது தடவை அவளையே படிக்கச் சொன்னேன், நான் படிச்சது சரிதானான்னு பாக்க.

எனக்கு ஒண்ணும் தெரியாது ரஸ்.

நீ என்னையப் பெரிய மனுசன்னு நெனச்சிருக்க. கூட்டாளிய காப்பாத்தப் பழிய வாங்கிக்கிட்டவன்னு. அப்படியெல்லாம் இல்ல. நான் உன்னை நம்பினேன். அவ்வளவுதான்.

அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தது உன்கிட்ட மன்னிப்புக் கேக்க. "என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்"னு சொன்னது, என்னாலதான் நடந்துச்சுன்னு. அடுத்த வார்த்தை வாயில இருந்துச்சு. நீ சுவத்துப் பக்கம் திரும்பிட்ட. இவன் என் முகத்தப் பாக்கக்கூட விரும்பல, அதுவும் நியாயம்தான்னு நெனச்சுக்கிட்டுப் படி இறங்கிட்டேன்.

உனக்கு வேலை தெரியும். நட்ட இறுக்கினதும் அதுமேல சிவப்புப் பெயிண்டுல ஒரு கோடு போடணும். கோடு ஒடையாம இருந்தா நட்டு திரும்பலன்னு அர்த்தம். அன்னிக்கு இறுக்கினேன். அது ஞாபகம் இருக்கு. பெயிண்ட் குப்பிய எடுக்குறப்ப போன் வந்திருக்குன்னு முதலாளி கூப்பிட்டாரு. போயிட்டு வந்து கோடு போட்டேனா, போடலையா? கண்ண மூடினா போட்ட மாதிரியும் தெரியும், போடாத மாதிரியும் தெரியும். கோடே ஞாபகம் இல்லாதவன் இறுக்கினத மட்டும் எப்படி நம்புறதுன்னு ஆயிடுச்சு. நடு ரோட்டுல பஸ்ஸ நிறுத்திட்டுக் கைய திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன், இறுக்கின கையா இதுன்னு.

எங்கம்மா வீட்டாளுங்க எங்க பழங்குடி வழக்கப்படி எனக்காகச் சடங்கு வச்சாங்க. ஆடு வெட்டி, சொந்தக்காரங்க எல்லாம் வந்து, நாலு நாள். பாட்டாலயே மனசக் குணமாக்குற பெரியவர் என்னடா ஒன் மனசுல இருக்குன்னு கேட்டாரு. ஒரு உசுர எடுத்துட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன். எங்க சனத்துல இதெல்லாம் சும்மா சொல்ற வார்த்தை இல்ல.

இப்ப நீ எழுதுற, எஞ்சின் நிக்கலன்னு. ஒரே வரி. எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்ட.

அந்த வரிய முழுசா எழுது. என்ன நடந்துச்சோ அதை. ஒண்ணையும் விடாத.

டெல்பர்ட் டொஹான்னி


வெனாட்சி
15 மார்ச் 1996

டெல்பர்ட்,

உன் கடிதத்தைச் சமையல் மேஜையில் வைத்துவிட்டு நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நீ அறிந்தவன், பொறுத்தவன் என்ற நினைப்பில்தான் இத்தனை வருடமும் தூங்கினேன். உண்மை தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் விட்டுவிட்டான், அப்படியானால் அது அவ்வளவு பெரிய பாவம் இல்லை என்று. அந்தத் தூக்கமும் உன்னிடமிருந்து எடுத்ததுதான்.

முழுதாக எழுதுகிறேன்.

1989 அக்டோபர் பதினான்கு. அன்றைக்குக் கடைசிச் சுற்று. ஓஹையோவிலிருந்து வந்த ப்ரூயிட் தம்பதி இரண்டே பேர். அந்த அம்மா ஐரீன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். முன்சீட்டில் என் பக்கத்தில் அவர், பின்னால் கணவர். மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறக்குமுன்பே ஒவ்வொரு குன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார். "இத்தனை வருஷம் இதையெல்லாம் பலகையில சாக்பீஸால வரைஞ்சேன். கோடு கோடாத்தான் தெரியும். இப்படிச் செவப்பா இருக்கும்னு ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்ல" என்றார்.

ஏரியைத் தாண்டினோம். சாயங்கால வெயில். சிவப்புக் குன்றுகள் ஒரு பக்கம் எரிகிற மாதிரியும் மறுபக்கம் ஊதாவாகவும் இருந்தன. அந்த நேரத்துப் பள்ளத்தாக்கை நீயும் பார்த்திருக்கிறாய். திரும்பவேண்டிய இடம் வந்தது. திரும்பியிருந்தால் அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஊரில் இருந்திருப்பார்கள்.

நான் திரும்பவில்லை. கத்தரி இடுக்கு என்று நாம் சொல்லும் குறுகிய பள்ளத்தாக்குப் பக்கம் விட்டேன். என் வித்தை உனக்குத் தெரியும். மொட்டைப் பாறைத் தரைமேல் முப்பது அடி உயரத்தில் வேகமாகப் போவது. விளிம்பு வந்ததும் காலுக்கடியில் தரை காணாமல் போய் எண்ணூறு அடிப் பாதாளம் திறக்கும். அப்படியே மூக்கைக் கவிழ்த்து உள்ளே இறங்குவேன். எல்லோரும் அலறுவார்கள், பிறகு சிரிப்பார்கள், இறங்கியதும் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். "ஒரு நாள் பின்காத்து ஒன் கால வாரிவிடும்டா, அன்னிக்கு நீ மட்டும் விழமாட்ட" என்று நீ ஹேங்கரில் சொன்னாய். "மெஷினைப் பாத்துக்கிறது நீ, காத்தைப் பாத்துக்கிறது நான்" என்றேன்.

அன்று காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. தெரியும். அவர்கள் கேட்கவில்லை, டெல்பர்ட். யாரும் தாழப் போ என்று சொல்லவில்லை. அந்த அம்மாவின் அலறலையும் சிரிப்பையும் கேட்கவேண்டும் என்று எனக்குத்தான் ஆசை.

இறங்கினேன். மேலே இழுத்தபோது ஏறவில்லை. முழுப் பலமும் கொடுத்தேன். எஞ்சின் கத்தியது. கடைசி நொடி வரை கத்தியது. ரோட்டருக்குக் காற்றில் பிடி இல்லை, அவ்வளவுதான். எதிர்ச் சரிவில் பக்கவாட்டில் மோதினோம். ஐரீன் அங்கேயே இறந்துவிட்டார். உன் நட்டு சரியாக இருந்தது. நீ இறுக்கியிருந்தாய்.

ஆஸ்பத்திரியில், எஞ்சினில் பலம் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரே வார்த்தை. ப்ரூயிட்டுக்குத் தலையில் அடி. ஏரியைத் தாண்டியதற்குப் பிறகு அவருக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லியிருந்தார்கள். மறுத்துச் சொல்ல யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ரஸ்


பேஜ்
ஏப்ரல் 9

ரஸ்,

படிச்சேன். "நீ இறுக்கியிருந்தாய்"ங்கிற எடத்துல லொரீனா நிறுத்திட்டா. அதுக்கு மேல அவளால வாசிக்க முடியல. தாள மடிச்சு வச்சுட்டு, "அவன் நல்லா இருக்கட்டும், ஆனா என் கண்ணுல படாம இருக்கட்டும்"னா.

சந்தோசம் வரும்னு நெனச்சேன். வரல. ஆறு வருசமா முதுகுல கெடந்த மூட்டைய எறக்கினா, முதுகு அப்படியே வளஞ்சுதான நிக்குது.

ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க சின்னவ ஷெரில். நீ பாத்தப்ப தவழ்ந்துக்கிட்டு இருந்தா. போன கோடையில அவ சைக்கிள் செயின் கழண்டுடுச்சு. கூட வந்த பிள்ள, ஒங்கப்பாகிட்ட குடு, மாட்டித் தருவாருன்னு சொல்லுது. இவ சொல்றா, "எங்கப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கம்மாவுக்குத்தான் தெரியும்." நான் பக்கத்துலதான் நின்னேன். செயின பாத்தேன். கை போகல. லொரீனா வந்து மாட்டிட்டு, எண்ணெய்க் கைய என் சட்டையிலயே தொடச்சிட்டுப் போனா. சிரிச்சுக்கிட்டேதான் போனா. அந்தச் சிரிப்புக்கு அவ எவ்வளவு கஷ்டப்பட்டான்னு எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் உன்னால திருப்பித் தர முடியாது. அதனால கேக்கல.

ஆனா ஒண்ணு நீ செய்யணும். மிஸ்டர் ப்ரூயிட்டுக்கு நான் தொண்ணூறாம் வருசமே கடுதாசி போட்டேன். நான்தான் அந்த மெக்கானிக்கு, என் கைத்தப்புனால ஒங்க வீட்டம்மா போயிட்டாங்கன்னு. எங்க வழக்கப்படி போனவங்களப் பத்திப் பேசவே கூடாது, எழுதவும் கூடாது. எழுதாம இருக்க முடியல. எட்டு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. "தம்பி, உன்னை வெறுத்துப் பார்த்தேன், அது எனக்குச் சரியாக வரவில்லை. ஒரு நட்டை மறப்பது மனிதன் செய்யக்கூடியதுதான். நான் மன்னித்துவிட்டேன். நீயும் உன்னை விட்டுவிடு"ன்னு எழுதியிருந்தாரு. அப்புறம் வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு எங்க பிள்ளைங்களுக்குச் சாக்லேட் டின் வரும். நாங்க இங்க பைன் மரத்துல கெடைக்கிற கொட்டைய வறுத்து அனுப்புவோம். போன்ல பேசினா மழை பெஞ்சுதா, ஆடு குட்டி போட்டுச்சான்னு கேப்பாரு.

அந்த மன்னிப்பு எனக்கு உரியது இல்ல. உனக்குப் போக வேண்டியத நான் வாங்கி வச்சிருக்கேன், திருட்டுச் சாமான் மாதிரி. அவர்கிட்ட நீ சொல்லணும். நான் சொல்லமாட்டேன். முகவரி பின்னால எழுதியிருக்கேன். அப்புறம் விமானத்துறை ஆபீசுக்கும் போ.

டெல்பர்ட்


வெனாட்சி
6 ஜூலை 1996

அன்புள்ள டெல்பர்ட்,

தாமதத்துக்கு மன்னி. இந்த வருடம் மழை விடவே இல்லை. ஜூன் முழுக்கத் தோட்டக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாளில் ஏழு தோட்டம்கூடப் போனேன்.

ப்ரூயிட்டுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு முறை முடித்தும்விட்டேன். படித்துப் பார்த்தால் ஒன்றில் நான் பரிதாபமானவனாக இருக்கிறேன், இன்னொன்றில் துணிச்சல்காரனாக இருக்கிறேன். இரண்டும் பொய்யாகத் தெரிகிறது. எழுபத்திரண்டு வயது மனிதர். அவர் ஒருவிதமாக ஆறியிருக்கும்போது இதைச் சொல்லி அந்தப் புண்ணைக் கிளறுவது சரிதானா என்றும் தோன்றுகிறது. உனக்கு அப்படித் தோன்றவில்லையா?

அறுவடை முடிந்ததும் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். வாக்குத் தருகிறேன்.

ரஸ்


பேஜ்
ஜூலை 14

ரஸ்,

பழம் பறிச்சு முடிச்சாச்சா?

டெல்பர்ட்


வெனாட்சி
29 ஆகஸ்ட் 1996

டெல்பர்ட்,

போனேன்.

எழுதினால் இன்னும் பத்துக் கடிதம் கிழிப்பேன் என்று தெரிந்துவிட்டது. அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டி ஓஹையோ போய்ச் சேர்ந்தேன். பிக்வா என்ற ஊர். வெள்ளை வீடு. தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பைலட்டா? வாங்க, வாங்க. உங்களுக்குத்தான் என்னைவிட அடி ஜாஸ்தின்னு சொன்னாங்க. இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அங்கேயே திரும்பி ஓடியிருப்பேன். கையை அவர் விடவில்லை.

உள்ளே உட்கார வைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். சொன்னேன்.  முடித்த பிறகு அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கைமண்ணைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து ஒரே கேள்வி கேட்டார்.

"விளிம்பு தாண்டினப்ப ஐரீன் என்ன பண்ணா?"

"சிரிச்சாங்க" என்றேன். உண்மை அதுதான். அலறவில்லை. குழந்தை மாதிரி வாய்விட்டுச் சிரித்தார். ஹெட்செட்டில் அந்தச் சிரிப்பு கேட்டது. பிறகு எல்லாம் நடந்தது.

அவர் தலையை ஆட்டினார். "அவ அப்படித்தான் சிரிப்பா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நான் ஒரு தடவை மன்னிச்சேன். அதுக்கே எட்டு மாசம் ஆச்சு. எல்லாத்தையும் அந்தப் பையன் டெல்பர்ட்டுக்கே குடுத்துட்டேன். மிச்சம் இருக்கான்னு தெரியல. இருந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார்.

கதவு வரை வந்தார். நான் வண்டியில் ஏறியதும், "அந்தப் பையனுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது, ஏனென்றால் வரும் வழியிலேயே செய்திருந்தேன். டென்வரில் விமானத்துறை ஆபீசுக்குப் போய்ப் புது வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. என் லைசென்ஸைப் பற்றி அவர்கள் முடிவு சொல்வார்கள். உன் பெயரில் இருக்கிற சந்தேகத்தை நீக்கி அறிக்கையைத் திருத்துவோம் என்றார்கள். லைசென்ஸை நீயாகத்தான் கொடுத்தாய், அதனால் திரும்பக் கேட்டால் தடை இருக்காது என்றும் சொன்னார்கள்.

கேள், டெல்பர்ட். தயவுசெய்து கேள்.

ரஸ்


வெனாட்சி
6 அக்டோபர் 1996

டெல்பர்ட்,

போன கடிதம் கிடைத்ததா? தபாலில் தொலைந்திருக்குமோ என்று நகலை இன்னொரு முறை வைத்திருக்கிறேன்.

என் லைசென்ஸ் போய்விட்டது. பகல் ஷிப்டில் ஆப்பிள் பொட்டலம் கட்டும் கொட்டகையில் நிற்கிறேன். அடிபட்ட பழத்தைப் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. பக்கத்தில் நிற்கும் பெண்கள் எனக்கு வேகம் பற்றாது என்று கேலி செய்கிறார்கள்.

ஓஹையோவிலிருந்து எதுவும் வரவில்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தபால்காரர் வருகிற நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இந்த மாதம் பதினான்காம் தேதி வருகிறது. உன்னையும் லொரீனாவையும் நினைத்துக்கொள்வேன்.

ரஸ்


பேஜ்
நவம்பர் 3, 1996

ரஸ்,

ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. பதில் போடாததுக்குக் காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன். மொதல்லயே சொன்னா மிச்சத்தப் படிக்கமாட்ட.

லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கேன். வரும்போல இருக்கு. வந்தா என்ன செய்வேன்னு தெரியல.  போன வாரம் லொரீனாவோட துணி துவைக்கிற மெஷின பிரிச்சு மாட்டினேன். ஷெரில் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, "அம்மா, அப்பாவுக்குத் தெரியுதும்மா!"ன்னு கத்துனா. மாட்டி முடிச்சப்ப ஒரு ஸ்க்ரூ மிச்சம். லொரீனா அதைத் தூக்கிக் காட்டி, "இது எந்த ஹெலிகாப்டருது?"ன்னு கேட்டா. எங்க வீட்டுல அந்த விபத்த வச்சு ஒருத்தர் தமாஷ் பண்ணது அதுதான் மொதல் தடவை. எல்லாரும் சிரிச்சோம்.

அக்டோபர் பன்னெண்டாம் தேதி மிஸ்டர் ப்ரூயிட் இங்க வந்தாரு. தனியா, பஸ் மாறி மாறி. இத்தனை வருசத்துல இப்பத்தான் நேர்ல பாக்குறோம். நான் நெனச்சதவிடக் குள்ளம். எங்க வீட்டுலதான் தங்கினாரு. லொரீனா ஆட்டுக்கறிக் குழம்பு வச்சா, ரொட்டி பொரிச்சா. இங்கிலீஷ் தெரியாத எங்கம்மாகூட கைச்சாடையிலயே பேசிக்கிட்டாரு.

பதினாலாம் தேதி ஹெலிகாப்டர்ல போகணும்னாரு. "அவ என்ன பாத்தான்னு எனக்குத் தெரியணும். ஏரிக்கு அப்புறம் என் தலையில ஒண்ணும் இல்ல. என்கூட வருவியா?"ன்னு கேட்டாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?

இப்ப இருக்கிறது வேற கம்பெனி. பைலட்டு ஒரு பொண்ணு. தைரியமான கை, ஆனா அலட்டிக்காத கை. அவர முன்னால உக்கார வச்சா. நான் பின்னால. எனக்குப் பக்கத்துல ஒரு சீட் காலி. எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் என் காது தானா வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. ஒவ்வொரு சத்தமா பிரிச்சுப் பிரிச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. ஏழு வருசம் கழிச்சுக் கேட்டாலும் சரியா இருக்குறது சரியாத்தான் கேக்குது.

ஏரி தாண்டினோம். சாயங்காலம்தான் போகணும்னு அவர் கேட்டிருந்தாரு. குன்றெல்லாம் நீ எழுதின மாதிரியே இருந்துச்சு. கீழ ஆறு ஒரு பச்சை நூலு. பாறையெல்லாம் அடுக்கடுக்கா, செவப்பு, வெள்ளை, அதுக்குக் கீழ கருஞ்செவப்பு. நான் இந்த மண்ணுலயே பொறந்தவன். மெஷின பறக்கவிடத்தான் தெரியும், உள்ள உக்காந்து வேடிக்கை பாத்ததில்ல. கண்ணெடுக்க முடியல ரஸ்.

அந்தப் பொண்ணு கத்தரி இடுக்குக்கு ரொம்ப மேல, அகலமா ஒரு சுத்து சுத்துனா. அவர் கண்ணாடியில நெத்திய வச்சுக் கீழயே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏதாவது ஞாபகம் வருதான்னு பைலட்டு கேட்டா. இல்லன்னு தலையாட்டினாரு. அப்புறம் ஹெட்செட்டுல அவர் குரல் வந்துச்சு. "இவ்வளவு அழகா? சரி. அப்ப அவ சிரிச்சிருப்பா."

எறங்கினதும் திடல் பெஞ்சுல உக்காந்தோம். ரோட்டர் சுத்தி நிக்குற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அவர் வரலைல்ல?"ன்னாரு.

இப்பத்தான் சொல்ல வேண்டியத சொல்லப்போறேன்.

செப்டம்பர்ல அவர் எனக்கு ஒரு கடுதாசி போட்டாரு. அதுக்குள்ள ஒட்டின உறை ஒண்ணு, உன் பேரு போட்டு. "அவர் முகவரியை வாங்கிக்கொள்ளத் தவறிவிட்டேன். இதை அனுப்பிவிடு. பதினான்காம் தேதி அவரும் வரவேண்டும். மூன்று பேரும் சேர்ந்து போகலாம். என்னால் முடியும் என்று நினைக்கிறேன்"னு எனக்கு எழுதியிருந்தாரு. அந்தக் காலி சீட்டு உனக்குன்னு அவர் எடுத்து வச்சது.

நான் அனுப்பல. தலையணைக்கடியில வச்சேன், அப்புறம் பஸ் டிக்கியில வச்சேன். நாளைக்கு அனுப்பலாம்னு இருந்தேன். இவன் ஆறு வருசம் எடுத்துக்கிட்டான், ஆறு வாரம் இவனும் காத்திருக்கட்டுமேன்னு ஒரு நாள் தோணுச்சு. இன்னொரு நாள், அந்த மன்னிப்பு எனக்கு மட்டுமே இருக்கட்டும்னு தோணுச்சு. வெக்கமா இருக்கு, ஆனா அப்படித்தான் தோணுச்சு. தேதி வந்துடுச்சு.

பெஞ்சுல அவர் கேட்டப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "இல்ல, வரல"ன்னு சொன்னேன். ஒரு சொல் பொய் கிடையாது. அவர் தொப்பியக் கழட்டி முழங்கால்ல வச்சுக்கிட்டு, "பாவம், முடியலபோல. பரவால்ல. நான் கூப்பிட்டேன், அது அவருக்குத் தெரியும்ல"ன்னாரு. நான் தலையாட்டினேன்.

அவ்வளவு சுலபமா வந்துச்சு ரஸ். நீ எப்படி ஆஸ்பத்திரியில அந்த 'இல்லை'ங்கிற வார்த்தையச் சொன்னன்னு ராத்திரி பகலா கேட்டுக்கிட்டு இருந்தேன். கேட்ட எனக்கே பதில் கெடச்சுடுச்சு.

உறைய இதோட அனுப்புறேன். பிரிக்கல. அவர் அன்னிக்கு ராத்திரிப் பஸ்ஸுல ஊருக்குப் போயிட்டாரு, நீ வர மறுத்துட்டன்னு நெனச்சுக்கிட்டு. நான் செஞ்சத லொரீனாகிட்டச் சொன்னேன். அவ என்னைத் திட்டல. ஒரு தாள எடுத்து முன்னால வச்சா. ரெண்டு பேருக்கும் எழுதுன்னா.

உனக்கு எழுதுறது சுலபம், அதான் மொதல்ல எழுதிட்டேன். அவருக்கு எழுத வேண்டிய தாள் இங்க பக்கத்துல இருக்கு. மூணு நாளா இருக்கு. "மிஸ்டர் ப்ரூயிட், ரஸ் வராததுல அவன் மேல தப்பில்ல"ங்கிற வரைக்கும் வந்திருக்கேன்.

டெல்பர்ட்